டே கேர் தொடங்கப் போகிறவர்களுக்கு: தரையை மறந்த எட்டு மாதங்கள்

கோவையில் ஒரு தரைத்தள வீட்டை வாடகைக்குப் பிடித்து டே கேர் தொடங்கியபோது, ஆறு மாதக் குழந்தை முதல் நான்கு வயது வரை பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். திறப்பதற்கு முன் வாங்கிய பொருள்களின் கணக்கு இன்னும் நோட்டில் இருக்கிறது. வாக்கர் ஐந்து, 9,000 ரூபாய். சாய்வாக ஆடும் பவுன்சர் மூன்று, 7,500. பெல்ட் போட்டு உட்கார வைக்கும் உயர நாற்காலி ஆறு, 21,000. சறுக்குமரமும் ஊஞ்சலும் சேர்ந்த பிளாஸ்டிக் செட் 38,000. சிமென்ட் முற்றத்தை மறைக்கச் செயற்கைப் புல் 9,000. டி.வி. 22,000. மொத்தம் 1,06,500 ரூபாய். இந்தப் பட்டியலில் குழந்தையின் உடம்பு வளர உதவிய பொருள் ஒன்றுகூட இல்லை என்று தெரிய எட்டு மாதம் ஆனது. இதை டே கேர் தொடங்குவதற்கு முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஒரு குழந்தைக்கு வலியும் நேர்ந்திருக்காது. அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தாவது மாதம், இரண்டரை வயதுப் பையன் சறுக்குமரத்தின் ஏணி உச்சியிலிருந்து பக்கவாட்டில் விழுந்தான். உயரம் மூன்றரை அடிதான். முன்கை எலும்பில் விரிசல், மூன்று வாரம் கட்டு. கீழே புல் விரித்திருந்தோமே என்று அன்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சிமென்ட் மேல் ஒட்டிய செயற்கைப் புல் சிமென்ட்தான். அது கண்ணுக்குத்தான் மெத்தென்று இருக்கும், விழும் உடம்பின் வேகத்தை வாங்காது. மருத்துவச் செலவு 14,000 ரூபாயைக் கொடுத்தோம். அந்த மாதமே நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. மாதம் 5,500 வீதம், அந்த இடங்கள் நிரம்ப ஐந்து மாதம் ஆனதில் போனது 1,10,000. அந்தப் பையனின் அம்மா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

ஏறி விளையாடும் எந்தச் சாதனத்தையும் வாங்கும் முன் டேப்பை எடுத்து இடத்தை அளந்துவிடுங்கள். விளையாட்டுத் திடல்களுக்காக அமெரிக்காவில் வெளியிட்டிருக்கும் பாதுகாப்பு வழிகாட்டியில் உள்ள கணக்கு எளிமையானது: சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறு அடி காலியாக இருக்க வேண்டும், அந்தப் பரப்பு முழுக்க அடியை வாங்கும் தளம் வேண்டும். எங்கள் சறுக்குமரம் மட்டும் ஐந்து அடி நீளம், மூன்று அடி அகலம். சுற்றி விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் 17-க்கு 15 அடி. முற்றமே அவ்வளவு இல்லை. தளமாக மணல் போட்டால், நான்கு அடி உயரம் வரையான வீழ்ச்சிக்கு ஒன்பது அங்குல ஆழம் தேவை. மிதிபட்டு இறுகும் என்பதால் பன்னிரண்டு அங்குலம் கொட்ட வேண்டும். எம்-சாண்ட் கூடாது. அதன் துகள் கூர்முனையாக இருக்கும், இறுகிக் கெட்டிப்படும், தூசியும் பறக்கும். கழுவிய உருண்டை மணல்தான் வேண்டும். எங்களுக்கு 17-க்கு 15 அடிக்கு இரண்டரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட் நூறு கன அடி) மேல் வந்திருக்கும். அதனால் செட்டை 12,000-க்கு விற்றுவிட்டு, எட்டுக்கு ஆறு அடியில் தோண்டி விளையாட மட்டும் ஒரு மணல்குழி அமைத்தோம். சிமென்ட்டை உடைத்து, அடியில் மூன்று அங்குலம் ஜல்லி, அதன் மேல் துணி விரிப்பு, அதற்கு மேல் மணல், அரை யூனிட்டில் முடிந்தது. மாலையில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் பூனை வந்து அசிங்கம் செய்துவிடும், அதிலிருந்து புழுத் தொற்று வரும். காலையில் ஒருமுறை மண்வாரியால் கிளறிவிட வேண்டும்.

அதோடு ஒன்று, கம்பி இடைவெளி. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் ஆபத்து. குழந்தை காலை முதலில் விட்டு நுழையும், உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். வராந்தா கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கேட் எல்லாவற்றையும் அன்றே அளந்தோம். வாடகை வீட்டுக் கிரில் ஐந்து அங்குலம். வலை கட்டினோம்.

விபத்துக்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. பயம் வந்துவிட்டது. எனக்கு மட்டுமல்ல, ஆயா அக்காக்களுக்கும். விழாமல் இருக்க ஒரே வழி எழாமல் இருப்பது என்ற மாதிரி, எல்லாப் பிள்ளைகளையும் எதிலாவது உட்கார வைத்தோம். நாற்காலி, பவுன்சர், வாக்கர், பிறகு டி.வி. சத்தம் குறைந்தது, அழுகை குறைந்தது, பெற்றோருக்கு அனுப்பிய போட்டோவும் அழகாக இருந்தது. எட்டாவது மாதம், ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று, கை ஊன்றாமல் உட்கார முடியாமல் சரிந்துகொண்டே இருந்தது. அதன் அம்மா பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினார். அவர் கேட்டனுப்பிய கேள்வி ஒன்றுதான்: "பகலில் தரையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள்?" பதில் தெரியவில்லை. எட்டு மணி நேரம் நம் கையில் இருக்கும் குழந்தை எங்கே இருந்தது என்று சொல்ல முடியாமல் நின்றது அவமானமாக இருந்தது.

மறுநாள் ஒரு நோட்டில் கோடு போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று குறித்தோம். இடைவெளியில் இடம் மாற்றினால் அந்த நிமிடத்தையும் எழுதினோம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை 480 நிமிடம். தூளியில் 150, உயர நாற்காலியில் 95, பவுன்சரில் 70, வாக்கரில் 60, மடியில் 60, தரையில் 45. அந்த 45-லும் குப்புறப் படுத்திருந்தது நான்கே நிமிடம். உங்கள் இடத்தில் வேறு எதுவும் செய்ய வேண்டாம், இந்தக் கணக்கை ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். செலவு ஒரு பேனா.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிறகுதான் படித்தேன். ஒரு வயதுக்குக் கீழே, நகரத் தொடங்காத குழந்தைக்கு விழித்திருக்கும் நேரத்தில் நாள் முழுக்கப் பிரித்து குறைந்தது 30 நிமிடம் குப்புறப் படுக்கும் நேரம். ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடம் பலவகை அசைவு. மூன்று, நான்கு வயதில் அந்த 180-க்குள் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம். எந்த வயதிலும் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ கட்டி வைக்கக் கூடாது. திரை இரண்டு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம், அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள். நாங்கள் நாற்காலியிலிருந்து எடுத்துப் பவுன்சரில் போட்டதை ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் உடம்புக்கு அது ஒரே இருப்புதான்.

வாக்கர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நடை பழக்கும் என்பது நம்மூரில் பலமான நம்பிக்கை. அதில் குழந்தையின் எடையைத் துணி இருக்கை தாங்குகிறது, கால் நுனி மட்டும் தரையைத் தள்ளுகிறது, தன் பாதத்தைத் தானே பார்க்கவும் முடியாது. நிற்கத் தேவையான இடுப்பும் முதுகும் வேலையே செய்வதில்லை. ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும், ஓடிப் பிடிப்பதற்குள் படியோ சூடான பாத்திரமோ வந்துவிடும். கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று பின்னாலிருந்து தள்ளுகிறது, விட்டால் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்று மட்டும், வழவழப்பான டைல்ஸில் அது வேகமாக ஓடிவிடும், முன்பக்கம் இரண்டு கிலோ மணல் மூட்டை கட்டினால் நிதானப்படும். ஐந்து வாக்கரையும் யாருக்கும் விற்க மனம் வரவில்லை. சக்கரத்தைக் கழற்றி உடைத்துப் பழைய பிளாஸ்டிக் காரரிடம் போட்டோம்.

குப்புறப் போடுவதற்கும் முறை உண்டு. பால் குடித்த உடனே போட்டால் கக்கும், இருபது முப்பது நிமிடம் விட வேண்டும். துணி மாற்றியவுடன் போடுவது என்று பழக்கிக்கொண்டால் மறக்காது. ஒரு நாளில் ஆறு முறை, தடவைக்கு ஐந்து நிமிடம், முப்பது ஆகிவிடும். பழக்கமில்லாத குழந்தை முப்பது விநாடியில் அழும், அது சகஜம். ஒரு துண்டை உருட்டி அக்குளுக்குக் கீழே மார்புக்கு அணையாக வைத்து, கைகளை முன்னால் எடுத்துவிடுங்கள். நாமும் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்ட வேண்டும், மேலே நின்று கிலுகிலுப்பை ஆட்டினால் கழுத்துதான் வலிக்கும். அழுகை கூடினால் பக்கவாட்டில் புரட்டி எடுங்கள். மெத்தை கூடாது. மூக்கு புதையும், கை ஊன்றவும் பிடி கிடைக்காது. பாயின் மேல் மடித்த ஜமுக்காளம் போதும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு நிமிடமும் வேண்டாம். தூங்கிவிட்டால் உடனே மல்லாத்திப் போட வேண்டும். தூளி தூங்குவதற்கு மட்டும் என்று விதி வைத்தோம். விழித்த குழந்தை தூளியில் கிடந்தால் எதைப் பிடித்துப் புரளும்?

முதல் வாரம் ஒரு பாட்டி பேத்தியை அழைக்க வந்தவர், "ஏன் கண்ணு, மாசமானா பணமும் வாங்கிக்கிட்டு, குழந்தையத் தரையில போட்டு வெச்சிருக்கீங்களே?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கோபம். நாற்காலியில் இருக்கும் குழந்தை கவனிக்கப்படுவதுபோலத் தெரியும், தரையில் கிடக்கும் குழந்தை விடப்பட்டதுபோலத் தெரியும். "உங்க காலத்துல செங்கீரை ஆடறதுன்னு சொல்லுவாங்களேங்க, அதுக்குத்தான் விட்டிருக்கோம்" என்றதும் அவர் முகம் மாறியது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, இரு கையும் ஒரு முழங்காலும் ஊன்றி தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டும் பருவம். பதின்மூன்றாம் மாதம் வருகை, தளர்நடை போட்டு வா என்று அழைக்கும் பருவம். ஒவ்வொன்றும் தரையில் நடப்பது. அடுத்த நாள் முதல் அந்தப் பாட்டியே பேத்தியோடு பாயில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எத்தனையாவது மாதத்தில் என்ன செய்கிறது என்று பெற்றோர் பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிட்டுத் தவிப்பார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தவழ்வது 5.2 முதல் 13.5-க்குள், தனியாக நிற்பது 6.9 முதல் 16.9-க்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6-க்குள். இவ்வளவு அகலமான இடைவெளி இயல்பானது. கை முழங்காலில் தவழாமலே எழுந்து நடந்தவர்களும் அந்த ஆய்வில் நூற்றில் நான்கு பேருக்குச் சற்று மேல். ஆனால் ஒன்பது மாதம் தாண்டியும் உட்காராதது, பதினெட்டு மாதத்திலும் நடக்காதது, ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, உடம்பு துவண்டோ விறைத்தோ இருப்பது, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுவது, இவற்றில் எதையும் "போகப் போகச் சரியாகும்" என்று விடாதீர்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு, 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்தியா காரியக்ரம் எனும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. எனும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஒன்பது மாதக் குழந்தை, தரைக்கு வந்து ஐந்து வாரத்தில் கை ஊன்றாமல் உட்கார்ந்தாள். அவளுக்குக் குறை இல்லை. நாங்கள்தான் இடம் கொடுக்கவில்லை.

தானாக வர முடியாத நிலையில் குழந்தையைக் கொண்டுபோய் வைக்காதே என்பது புடாபெஸ்டில் 1946-இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லரின் பாடம். இதைத்தான் ஆயாக்களுக்கு முதலில் சொல்லித்தருகிறோம். தலையணை அடைத்து உட்கார வைக்க மாட்டோம், கையைப் பிடித்துத் தொங்கவிட்டு நடத்த மாட்டோம். உட்காரத் தெரியாமல் உட்கார வைத்த குழந்தைக்கு இறங்கவும் தெரியாது, சரிந்து மண்டையில் அடிபடும். தானே எழுந்த குழந்தை தானே இறங்கும். பிடித்து எழுந்து பக்கவாட்டில் நடக்க ஒன்றரை அடி உயர உறுதியான பெஞ்சு ஒன்று சுவரோரம், தள்ளிக்கொண்டு போகப் பழைய செய்தித்தாள் மூன்று கிலோ நிரப்பிய அட்டைப்பெட்டி, ஏறி இறங்க ஐந்து அங்குலத்தில் மூன்று படி, எட்டு அங்குல அகலப் பலகை ஒன்று தரையோடு தரையாக. தச்சருக்குக் கொடுத்தது 6,500 ரூபாய். வீட்டுக்குள் செருப்பு, சாக்ஸ் கிடையாது. வெறுங்காலில்தான் விரல் தரையைப் பற்றும்.

மூன்று, நான்கு வயதுக்காரர்களிடம் வேறொரு சிக்கல். வெளியே விட்டோம், ஓடினார்கள் என்று நினைப்போம். ஒரே சாதனத்துக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்றால், பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை அசைவது ஒன்றரை நிமிடம். அவுட் ஆனவர் வெளியே உட்காரும் விளையாட்டுகளும் அப்படியே. யாருக்கு ஓட்டம் ரொம்பத் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகி ஓரமாக உட்காரும். ஆகவே அவுட் இல்லாமல் விளையாட வைக்கிறோம். கல்லா மண்ணாவில் பிடிபட்டவனும் பிடிப்பவனோடு சேர்ந்து பிடிக்கப் போவான், கடைசிவரை எல்லோர் காலும் ஓடும். குலை குலையா முந்திரிக்காயில் பத்துப் பேர் ஒரே வட்டமாக உட்காரக் கூடாது, ஐந்தைந்தாகப் பிரிக்க வேண்டும். அறுபது நிமிடத்தை ஒரே மூச்சில் எடுக்க முடியாது, பதினைந்து நிமிடமாக நான்கு முறை. பந்து பிடிக்கப் பழக்க முதலில் மெல்லிய துணியை மேலே வீசிப் பிடிக்கச் சொல்லுங்கள், மெதுவாக இறங்கும், கண்ணும் கையும் சேர நேரம் கிடைக்கும். பிறகு பெரிய துணிப் பந்து. பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் அடைத்தால் எடுப்பது மிகக் கடினம்.

மூன்று வயதிலேயே எழுத வைக்கச் சொல்லும் பெற்றோர் எல்லா இடத்திலும் உண்டு. தோளும் மணிக்கட்டும் வலுப்பெறாமல் விரல் பென்சிலைப் பிடிக்காது. சுவரில் கண் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து, ஒரு அங்குலச் சாக்பீஸ் துண்டு கொடுங்கள். நீளச் சாக்பீஸை முழுக்கையால் பிடிப்பார்கள், குட்டித் துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். சப்பாத்தி மாவு பிசைவது, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, பட்டாணி உரிப்பது எல்லாம் எழுத்துக்கான தயாரிப்புதான். சிறு பொருளுக்கு மட்டும் ஒரு சோதனை: 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக விழும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு வரக் கூடாது. புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பாசிமணி எல்லாம் விழும். நிலக்கடலையை முழுதாக இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தருவதில்லை.

இதெல்லாம் இலவசமில்லை. நாற்காலியில் கட்டிய ஆறு குழந்தைகளை ஒருவர் பார்க்கலாம், தரையில் விட்ட ஆறு பேரை முடியாது. தவழும் வயதில் மூவருக்கு ஒருவர் என்று எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்டதால் கூடுதலாக ஓர் அக்காவை எடுத்தோம், மாதம் 10,000 ரூபாய். முதலில் பொருளுக்குப் போட்ட பணம் கையில் இருந்திருந்தால் அவருக்குப் பத்து மாதச் சம்பளம். கட்டணத்தை 500 ரூபாய் உயர்த்தினோம், காரணத்தைச் சொன்னதும் யாரும் நிறுத்தவில்லை. வெயில் காலத்தில் வெளி நேரம் காலை எட்டரை முதல் ஒன்பதே கால், மாலை நாலரைக்கு மேல். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, சுட்டால் பிள்ளைகளை இறக்குவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாலையிலும் சிமென்ட் சுடும், அன்றெல்லாம் படி, பலகை, பாய், அட்டைப்பெட்டி நான்கையும் கூடத்தில் வரிசையாகப் போட்டுச் சுற்றி வரச் செய்கிறோம். மாலையில் பெற்றோரிடம் கொடுக்கும் சீட்டில் முன்பு "நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்" என்று எழுதுவோம். இப்போது அதற்கு மேல் ஒரு வரி: குப்புற 34 நிமிடம், தரையில் 190, கட்டிய இருக்கையில் 25.